மேடை வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபிரட்டர்னிட்டிகளை, அதாவது மாணவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற சகோதரச் சங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. குடி, கூத்து, ராகிங், சாவு என்று அடுக்கி, இந்த வழக்கமெல்லாம் நம் ஊருக்கு வேண்டாம் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அதே பக்கத்தின் கீழே ஒரு விளம்பரம். நம்மூர்க் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கமம். மேடையில் உட்காரப்போகிற ஒன்பது பேரின் படங்கள், பதிவுக் கட்டணம், மதிய உணவு உண்டு என்ற குறிப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடிதம் நீளும். வெட்டுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், பாலத்தைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் எந்த ஃபிரட்டர்னிட்டியிலும் உறுப்பினன் இல்லை. ஒரு ஃபிரட்டர்னிட்டி வீட்டில் ஒரு கோடைக்காலம் வாடகைக்கு இருந்தவன், அவ்வளவுதான். 1985இல் மேற்படிப்புக்கு பாஸ்டன் போனேன். மறு வருடம் கோடை விடுமுறையில் அறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. கையில் காசில்லை. சார்லஸ் ஆற்றின் தென்கரையில் பேக் பே என்று ஒரு பகுதி. நாலு மாடி, ஐந்து மாடி செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும். அவற்றில் சில வீடுகள் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டிகளுக்குச் சொந்தம். கோடையில் பையன்கள் ஊருக்குப் போய்விடுவதால் காலி அறைகளை வாடகைக்கு விடுவார்கள். வாரம் 45 டாலர். வேறு எங்கும் அந்த விலைக்கு ஒரு கட்டில்கூடக் கிடைக்காது.

உள்ளே நுழைந்தபோது முதலில் தெரிந்தது புளித்த பீர் வாடை. தரையில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. 'இங்கே மூன்று மாதமா' என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். படிக்கட்டுச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றிலும் அந்த வருடம் வீட்டில் இருந்த அத்தனை பேரின் முகங்களும் சின்னச் சின்ன முட்டை வடிவத்துக்குள், கீழே பெயரோடு. இதை காம்போசிட் என்பார்கள். கீழ்ப்படியில் கிராப்பு வெட்டி டை கட்டிய பையன்கள். மேலே ஏற ஏற முடி நீள்கிறது, கிருதா இறங்குகிறது, மூன்றாம் மாடி வரும்போது மறுபடி குட்டையாகிறது. நம்மூர்க் கல்லூரியில் நாங்கள் எடுத்த குரூப் போட்டோ என் பீரோவில் இருக்கிறது. கல்லூரியில் ஒரு பிரதி இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

ஆகஸ்ட் கடைசியில் பையன்கள் ஒரு வாரம் முன்னதாகவே திரும்பி வந்தார்கள். அதற்கு ஒர்க் வீக் என்று பெயர். புதிய மாணவர்கள் வருவதற்கு முன்னால் வீட்டைக் கழுவி, பெயின்ட் அடித்து, உடைந்ததைச் சரி செய்வது. வாடகைக்காரன் என்று என்னை யாரும் விட்டுவைக்கவில்லை. கையில் உப்புத்தாளைக் கொடுத்துப் படிக்கட்டுக் கைப்பிடியைத் தேய்க்கச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெரியவர் தானே ஒரு கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயது அறுபதுக்கு மேல். யாரும் அவரை வரவேற்கவில்லை. அவரும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. "ஃபார்ட்டி ஃபோர் வந்தாச்சு" என்று ஒரு பையன் மாடியைப் பார்த்துக் கத்தினான். 1944ஆம் வருடப் பட்டதாரி என்பதால் அதுவே அவர் பெயர். அவர் நேரே சன்னல்களிடம் போனார்.

அந்தக் காலத்து பாஸ்டன் வீடுகளில் சன்னல் கதவு மேலும் கீழும் ஓடும். சட்டத்துக்குள்ளே இரண்டு பக்கமும் இரும்பு எடைக்கட்டிகள், கிணற்றுக் கப்பி மாதிரி சின்னக் கப்பி, அதன்மேல் ஓடும் கயிறு. கயிறு அறுந்தால் சன்னல் நிற்காது, கையில் விழும். சட்டத்தின் ஓரத்தில் ஒரு சாண் நீளப் பலகை மூடி இருக்கும். அதைக் கழற்றித்தான் எடைக்கட்டியை வெளியே எடுக்க வேண்டும். நான் பொறியியல் படித்தவன் என்று தெரிந்ததும் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார். முதல் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்கள். 1931, 1938, 1947, 1955 என்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சன்னலுக்குக் கயிறு மாற்றியவர்கள் ஒவ்வொருவரும் பெயரும் வருடமும் எழுதி மூடியிருக்கிறார்கள். வெளியே தெரியாது. அடுத்த முறை கயிறு அறுந்தால்தான் தெரியும்.

முடிச்சுப் போட்டு, எடைக்கட்டியை இறக்கி, மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் இந்த வீட்டுப் பையன் இல்லையே என்றேன். "கயிற்றுக்குத் தெரியுமா, இது யார் வீட்டுப் பையன் போட்ட முடிச்சு என்று?" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். தமிழில் எழுதினேன். இனிஷியலோடு. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் சரியாக எழுதியிருக்கிறாயா என்று சரிபார்க்க இங்கே ஆளில்லையே என்றார்.

இப்போது பாலம்.

என் ஆய்வகம் அக்கரையில். தினமும் ஹார்வர்டு பாலத்தின் மேல் நடந்து போவேன். பெயர்தான் ஹார்வர்டு, போய்ச் சேர்வது எம்.ஐ.டி. வாசலுக்கு. அந்தப் பாலத்து நடைபாதையில் பெயின்டால் கோடுகள் போட்டிருக்கும். 10, 20, 30 என்று எண்கள். மீட்டரும் இல்லை, அடியும் இல்லை. அந்த அளவின் பெயர் ஸ்மூட்.

1958 அக்டோபரில் லாம்டா கை ஆல்ஃபா என்ற ஃபிரட்டர்னிட்டியில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு மூத்தவர்கள் ஒரு வேலை வைத்தார்கள். பாலத்தை அளந்து வர வேண்டும், அளவுகோல் கூட்டத்திலேயே குள்ளமான பையன். அவர் ஆலிவர் ஸ்மூட், உயரம் 5 அடி 7 அங்குலம். (நான் 5 அடி 5. என்னை வைத்து அளந்திருந்தால் பாலம் இன்னும் நீளமாகியிருக்கும்.) அவர் படுப்பார், தலை இருக்கிற இடத்தில் கோடு போடுவார்கள், எழுந்து அடுத்த கோட்டில் படுப்பார். கொஞ்ச தூரத்தில் களைத்துவிட்டார். பிறகு நண்பர்களே தூக்கித் தூக்கிக் கிடத்தினார்கள். பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூடவோ குறையவோ ஒரு காது. பாதி வழியில் 'நரகத்துக்குப் பாதி தூரம்' என்று எழுதி எம்.ஐ.டி. பக்கம் ஓர் அம்புக்குறி.

விளையாட்டுதான். ஆனால் பாலத்தில் விபத்து நடந்தால் இடத்தைக் குறிக்கப் போலீஸ்காரர்களே அந்த எண்களைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். நான் ஊர் திரும்பிய பிறகு, 1980களின் கடைசியில் பாலத்தைப் புதுப்பித்தபோது நடைபாதை சிமென்ட் பலகைகளை வழக்கமான 6 அடிக்கு வெட்டாமல் 5 அடி 7 அங்குலத்துக்கு வெட்டினார்களாம். அளவுகோலாகக் கிடந்த அந்தப் பையன் பின்னாளில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் தலைவரானார், 2003, 2004இல் உலகத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வுக்கே தலைவரானார். கதை கட்டினால்கூட இப்படி வராது. 2008இல் ஐம்பதாம் ஆண்டு கொண்டாட்டத்துக்கு அவரும் வந்தார்.

என் கண்ணில் பட்டது வேறு. பாஸ்டன் பனிக்கும், பனி உருகத் தூவுகிற உப்புக்கும் எந்தப் பெயின்டும் அதிக நாள் தாங்காது. 1958இல் அடித்தது 1960க்குள் அழிந்திருக்கும். ஆனால் வருடம் தவறாமல் அந்த வீட்டில் சேர்கிற புதுப் பையன்களிடம் டப்பாவையும் தூரிகையையும் கொடுத்து அனுப்புகிறார்கள். அதனால்தான் ஐம்பது வருடம் கழித்துக் கொண்டாட அங்கே ஏதோ மிச்சம் இருந்தது.

கட்டுரையாளர் சொன்னதில் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பையனிடம் 'போய் அளந்து வா' என்று சொல்கிற அதே மூத்தவன்தான் இன்னொரு வீட்டில் 'இதைக் குடித்து முடி' என்கிறான். 1997இல் பாஸ்டனில் எம்.ஐ.டி. மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டி வீடு ஒன்றில் முதலாண்டுப் பையன் ஒருவன் குடித்து இறந்தான். அதன் விளைவாக 2002இலிருந்து முதலாண்டு மாணவர்கள் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும் என்றாயிற்று. 2017இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக ஃபிரட்டர்னிட்டி ஒன்றில் இன்னொரு பையன். 2024 டிசம்பரில்தான் ராகிங் தொடர்பாக அந்த நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் வந்தது. நாம் மேலே நின்று பேச முடியாது. சிதம்பரத்தில் 1996இல் ராகிங்கில் ஒரு மாணவர் கொல்லப்பட்டதைத் தமிழ்நாட்டில் யாரும் மறக்கவில்லை. நம் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது அதற்குப் பிறகுதானே.

இன்னொன்றும் உண்டு. யாரைச் சேர்ப்பது என்பதில் அவர்களுக்கும் ஒரு தனிப்பந்தி இருந்தது. வெள்ளைக்காரப் பையன்களின் வீடுகளில் கறுப்பின மாணவர்களுக்கு அன்று இடமில்லை. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் சேர்ந்து ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது 1952இல் சேர்ந்தது அதில்தான். எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்த கறுப்பினத்துப் பெரியவர் ஒருவரும் அதே ஃபிரட்டர்னிட்டி. எந்த வருடம் உறுப்பினராக இருந்தீர்கள் என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். 'இருந்தேன்' என்று எங்களில் யாரும் சொல்லமாட்டார்கள், 'இருக்கிறேன்' என்றுதான் சொல்வோம் என்று திருத்தினார். அவர்களுக்குப் படிப்பு முடிந்தவர்களின் கிளைகள் ஊருக்கு ஊர் தனியாக உண்டு. ஐம்பது வயதில் மாதக் கூட்டத்துக்குப் போய், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். நம் பிள்ளைகளும் இப்போது இதில் இருக்கிறார்கள். 1998இல் ஆஸ்டினில் தெற்காசிய மாணவர்கள் தொடங்கிய டெல்டா எப்சிலான் சையில் என் தங்கை மகன் சேர்ந்தான். அவன் கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கத்தில் அந்தக் கூட்டம் வந்து இறங்கி, பந்தியில் பரிமாறியே தீருவோம் என்று வாளியைப் பிடுங்கியதை இங்கே எழுதினால் வேறு கடிதமாகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1987இல் ஊர் திரும்பி திருச்சி பெல் ஆலையில் கொதிகலன் பிரிவில் சேர்ந்தேன். மறு வருடம், நான் வாடகைக்கு இருந்த அந்த வீட்டிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே நான்கு பக்கச் செய்திமடல். நான் உறுப்பினனே இல்லை. 'ஃபார்ட்டி ஃபோர்' தன் கையால் என் பெயரை முகவரிப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு வரும். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் இறந்தார், கூரை ஒழுகுகிறது, மாற்ற இவ்வளவு ஆகும். ஒவ்வொரு இதழிலும் ஒரு சின்ன அட்டை: முகவரி மாறினால் எழுதி அனுப்பவும். வேலை நிமித்தம் நான் நெய்வேலி, ராமகுண்டம், சிங்ரவுலி என்று அலைந்தபோதும் பின்னாலேயே வந்தது. எழுதி அனுப்புவது ஒரு மாணவனின் வேலை. அலும்னி செயலாளர் என்று ஒருவனை வருடாவருடம் தேர்ந்தெடுப்பார்கள். பத்தொன்பது வயதுப் பையன். அவன் அதைச் செய்யாவிட்டால் மற்ற பையன்கள் அவனைத் திட்டுவார்கள்.

ஏன் திட்டுவார்கள் என்றால் வீடு அப்படி நிற்கிறது. வீடு கல்லூரியுடையது இல்லை. பழைய மாணவர்கள் ஒரு கழகமாகப் பதிவு செய்து வாங்கி வைத்திருக்கிறார்கள். இப்போது படிக்கிற பையன்கள் அவர்களுக்கு வாடகை கட்டுகிறார்கள். கூரை போனால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

1991 குளிர்கால இதழில் ஒரு செய்தி. மூன்றாம் மாடி ரேடியேட்டர்கள் ராத்திரியில் சுத்தியலால் அடிப்பது மாதிரி சத்தம் போடுகின்றன, தூங்க முடியவில்லை, யாருக்காவது காரணம் தெரியுமா? நான் கொதிகலன்காரன். சிரித்துக்கொண்டே ஏரோகிராம் வாங்கி எழுதினேன். அது ஒற்றைக் குழாய் நீராவி. நீராவி போகிற வழியிலேயே தண்ணீர் திரும்ப வேண்டும். வீடு பழசு, தரை இறங்கியிருக்கும், ரேடியேட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். உள்ளே தேங்கிய தண்ணீரில் நீராவி மோதுகிறபோதுதான் அந்த அடி. பிளம்பரைக் கூப்பிடாதீர்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, வால்வுக்கு எதிர்ப்பக்கக் கால்களின் கீழே ஒரு மரச்சில்லைச் செருகுங்கள். அடுத்த இதழில் என் கடிதத்தைப் படத்தோடு போட்டு, 'நமது திருச்சிராப்பள்ளி நிருபர்' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். ஊர்ப் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. அவர்கள் என்னிடம் கேட்டது ஒரு டாலர்கூட இல்லை. ஆனால் கூரைக்கு நன்கொடை கேட்டபோது நானாகவே அனுப்பினேன்.

இப்போது என் சொந்தக் கல்லூரி. பெயர் வேண்டாம். ஐந்து வருடம் விடுதியில் இருந்தேன். படித்து முடித்து இருபத்தெட்டு வருடம் ஒரு கடுதாசி இல்லை. பிறகு ஒரு நாள் போன் வந்தது, ஆயுள் சந்தா 2,000 ரூபாய். எதற்கு இந்தத் திடீர் பாசம் என்று விசாரித்தால், கல்லூரிகளைத் தரம் பார்க்கிற நாக் குழு வருகிறதாம். அந்த மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டையும் பார்ப்பார்களாம், அதற்குப் போட்டோ வேண்டும். போனேன். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடி பொன்னாடை. என்னோடு படித்தவனிடம் பேசக் கிடைத்தது கை கழுவுகிற இடத்தில் மட்டும்தான். அப்புறம் பழைய அறையைப் பார்க்கலாம் என்று விடுதிப் பக்கம் நடந்தேன். விடுதி இல்லை. கார் நிறுத்துமிடம். இடித்து நான்கு வருடமாயிற்று என்றார் வாட்ச்மேன். அறைப் பதிவேடுகள் என்ன ஆயின என்று கேட்டேன். பழைய பேப்பர்காரர் வந்தார் என்றார்.

வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. 212 பேர். காலையில் பூ, இரவில் பூ. நடுவில் யாராவது இறந்தால் கூப்பிய கைகள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் தினமும் பூ அனுப்புகிறவன்தான். ஆனால் அதில் இருக்கும் 212 பேரில் எலக்ட்ரீஷியனுக்கே வேலை சொல்லித்தரக்கூடிய மின் பொறியாளர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் படித்த கல்லூரி விடுதியில் இன்று எந்த மின்விசிறி ஓடவில்லை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

கல்லூரி முதல்வர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எங்களை மேடைக்குக் கூப்பிடாதீர்கள். ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்கு முந்தைய சனி, ஞாயிறு, விடுதிக்கு வேலைக்குக் கூப்பிடுங்கள். கதவுக் கீல், தண்ணீர்த் தொட்டி, வயரிங், நூலகத்தில் கிழிந்த அட்டை, எது வேண்டுமானாலும். கூடவே இரண்டாம் வருடப் பையன்களும் பெண்களும் நிற்கட்டும். முகவரிப் பட்டியலை ஒரு மாணவர் கையில் கொடுங்கள், வருடாவருடம் ஆள் மாறட்டும். விடுதி அறைப் பதிவேட்டை எடைக்குப் போடாதீர்கள்.

2019இல் என் மகள் வேலையாக பாஸ்டன் போனாள். அந்த வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வா என்றேன். சன்னல்களை எல்லாம் மாற்றிவிட்டார்களாம், இரட்டைக் கண்ணாடி, கயிறும் இல்லை, மூடியும் இல்லை. எனக்குச் சற்று வருத்தம்தான். கதவைத் திறந்த பையன் அப்பா பெயரைக் கேட்டு மடிக்கணினியில் தேடிவிட்டு, "ஓ, மரச்சில்லு!" என்றானாம். மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போய் ரேடியேட்டரின் காலைக் காட்டினான். பெயின்ட் ஏறி ஏறிச் சில்லும் இரும்பும் ஒரே நிறமாகிவிட்டதாம். மகள் குனிந்து விரலால் தள்ளிப் பார்த்திருக்கிறாள். அசையவில்லை என்றாள்.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. என் விடுதியில் என் காலத்தில் இருந்தவர்களில் 61 பேரின் அறை எண்ணும் இன்றைய முகவரியும் அதில் உண்டு. கல்லூரியிலிருந்து யாராவது ஒரு மாணவர் வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். விடுதிக் காப்பாளர் எந்தச் சனிக்கிழமை சொன்னாலும் நானும் வருகிறேன். முழங்கால் வலியால் ஏணி ஏற முடியாது, கீழே செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் நானே கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொதிகலன் பொறியாளர்,
திருவெறும்பூர்.

பி.கு.: பெயரை வெளியிட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.